குளிர் ஊரில் டாட்டூ ஏன் இவ்வளவு சீக்கிரம் மங்குகிறது?

இலங்கை மலையகத்தில், அட்டனில் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் வலது முன்கையில் அம்மாவின் பெயரும், அதன் பக்கத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேயிலைக் கொழுந்தும் குத்தியிருக்கிறார். கறுப்பு எழுத்து பரவாயில்லையாம். இலையின் இளம்பச்சை சாம்பல் பூத்துவிட்டது. மொட்டின் மஞ்சள் இருந்த இடமே தெரியவில்லை. "எங்கள் ஊரில் வெயிலே இல்லையே, பிறகு எப்படி? எங்கள் அம்மாயி கையில் இருக்கிற பச்சை அறுபது வருடமாக அப்படியே இருக்கிறதே?" என்கிறார். சித்திரைக்கு முன் அக்காவும் குத்திக்கொள்ளப் போகிறாராம். அவர் மலையில் கொழுந்து எடுப்பவர். புதுசில் மஞ்சள், தேங்காய் எண்ணெய் பூசலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

தம்பி, நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது கண்டியில் டாட்டூ வேலை செய்கிறேன். நம் ஆட்களின் கைகளை நிறையப் பார்த்துவிட்டேன். "வெயிலே இல்லையே" என்ற அந்த நினைப்புதான் நம் பக்கத்தில் டாட்டூவை மங்க வைக்கிறது. வெயிலின் சூடு வேறு, தோலையும் நிறத்தையும் கெடுக்கும் புற ஊதாக் கதிர் வேறு. சூடு உடம்புக்குத் தெரியும். புற ஊதாக் கதிர் தெரியாது. கொழும்பில் இருப்பவர் பத்து மணிக்கே வேர்த்து நிழல் தேடுவார். நாம் குளிருக்கு இதமாக இருக்கிறதென்று வெயிலில் போய் நின்றுகொண்டு தேத்தண்ணி குடிப்போம்.

உயரம் ஏற ஏறக் காற்று மெலிதாகிறது. ஒவ்வொரு ஆயிரம் மீற்றருக்கும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. அட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல், நுவரெலியா 1,868 மீற்றர். இதோடு நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகை தள்ளி. ஏப்ரல் முதற்பாதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நுவரெலியாவில் சீசன் என்று ஊரே வெளியில் நடமாடும் ஏப்ரல்தான் அந்த நேரம் என்பதைக் கவனியுங்கள். பனிமூட்டமும் நம்மை ஏமாற்றும். கருமேகம் திரண்டால் கதிர் நன்றாகக் குறையும், உண்மை; ஆனால் காலையில் மலையில் தவழும் மெல்லிய மூட்டம் கதிரின் பெரும் பகுதியைக் கீழே விட்டுவிடும். நீங்களோ பக்கம் திறந்த வண்டியில், கைப்பிடியைப் பிடித்தபடி முன்கையை நாள் முழுவதும் வெளியே காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு சோதனை செய்து பாருங்கள்: கடிகாரம் கட்டும் இடத்துத் தோலையும் அதற்கு மேலுள்ள தோலையும் ஒப்பிடுங்கள். அந்த வித்தியாசம் முழுவதும் வெயில் செய்தது. அதே வெயில்தான் உங்கள் இலையின் மேலும் விழுந்திருக்கிறது.

அம்மாயியின் பச்சை நிற்பதற்குக் காரணம் அந்த மை. அந்தக் காலத்தில் குத்தியது கரி. கரியின் கார்பன் வெளிச்சத்தில் உடைந்து நிறம் மாறுகிற பொருள் இல்லை. இன்றைக்குக் கடையில் போடும் கறுப்பும் பெரும்பாலும் அதே கார்பன்தான். அதனால்தான் உங்கள் அம்மாவின் பெயர் தப்பித்தது. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு மைகளில் பல, அசோ எனப்படும் செயற்கைச் சாயங்கள். புற ஊதாக் கதிர் பட்டால் அந்த மூலக்கூறுகளின் பிணைப்பு அறுந்து நிறம் போய்விடும். நீலமும் கரும்பச்சையும் அவற்றைவிட உறுதியானவை. உங்கள் இளம்பச்சையில் மஞ்சளும் வெள்ளையும் கலந்திருக்க வேண்டும். மஞ்சள் போன பிறகு மிஞ்சியதுதான் அந்தச் சாம்பல்.

அம்மாயியின் கையை இன்னொரு தடவை உற்றுப் பாருங்கள், "அப்படியே" இல்லை என்பது தெரியும். ஓரங்கள் தடித்துப் பரவியிருக்கும். புள்ளிகள் பக்கத்துப் புள்ளியோடு சேர்ந்திருக்கும். ஊசி மையை மேல்தோலைத் தாண்டி அடித்தோலில் வைக்கிறது, ஒன்றிரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில். அங்கே உடம்பின் காவல் செல்கள் அந்தத் துகள்களை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்தச் செல் சாகும்போது துகளை விட்டுவிடுகிறது. பக்கத்தில் வரும் புதுச் செல் அதை எடுத்துக்கொள்கிறது. 2018இல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் காட்டினார்கள். டாட்டூ நிலையாக இருப்பது இந்தக் கைமாற்றத்தால்தான். துகள்களில் கொஞ்சம் நிணநீரோடு போய்விடும், கொஞ்சம் அக்கம்பக்கத்தில் நகரும். எந்தக் கிறீமாலும் இதை நிறுத்த முடியாது. கோடு வருடங்களில் தடிக்கத்தான் செய்யும். நம் கையில் இருப்பது வெயிலும் மேல்தோலின் நலனும் மட்டும்.

மேல்தோலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி வெள்ளைத் தோலுக்காக எழுதியது. நம் தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் இருப்பது மேல்தோலில், மைக்கு மேலே. கண்ணாடிக் கிளாஸின் அடியில் ஒரு பூப்படம் ஒட்டியிருக்கிறது, கிளாஸில் பிளேன்டீ ஊற்றியிருக்கிறது என்று வையுங்கள். சாயம் லேசாக இருந்தால் பூ தெரியும், கடுஞ்சாயமாக இருந்தால் மறையும். பூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெயிலில் கறுத்த கையில் டாட்டூ மங்கித் தெரிவதில் ஒரு பங்கு இதுதான். அந்தப் பங்கு திரும்பி வரும். இரண்டு மூன்று மாதம் கையை மூடி வைத்தால் கறுத்த மேல்தோல் உதிர்ந்து புதுத்தோல் வரும். அப்போது நிறம் ஓரளவு எழும்பும். உடைந்துபோன மஞ்சள் மட்டும் வராது.

இதைக் கேட்டதும் சிலர் வெள்ளையாக்கும் கிறீம் வாங்கி டாட்டூவின் மேல் பூசுகிறார்கள். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். அவற்றில் பாதரசம் கலந்தவையும் ஸ்டீரொயிட் கலந்தவையும் சந்தையில் இருக்கின்றன. ஸ்டீரொயிட் நாள்பட்டால் தோலை மெலியச் செய்யும், வெடிக்கச் செய்யும், புண் ஆறுவதைத் தடுக்கும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சரி, என்ன செய்வது? முதல் மருந்து முழுக்கைச் சட்டை. நம் பெண்கள் மலைக்குப் போகும்போது சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போடுகிறார்களே, டாட்டூவுக்கு அதைவிட நல்ல பாதுகாப்பை நான் பார்க்கவில்லை. நெருக்கமாக நெய்த, கருநிறத் துணி இன்னும் நல்லது. நனைந்து உடம்போடு ஒட்டிய மெல்லிய பருத்தி கதிரை அதிகம் விடும். ஆட்டோவில் இருக்கும்போது மோட்டார்சைக்கிள்காரர்கள் போடும் கையுறைக்குழாய் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள்.

சட்டை மூடாத இடத்துக்கு சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். 30 போதும்; அது தோலைச் சுட வைக்கும் கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 என்றால் 98. விலை வித்தியாசம் பெரிதென்றால் 30ஐ வாங்கித் தாராளமாகப் பூசுங்கள். 50ஐ வாங்கிச் சிக்கனமாகத் தடவுவதால் பயனில்லை. நம் ஆட்கள் செய்வது பெரும்பாலும் அதுதான், இன்றைய விலைவாசியில் யாரையும் குறை சொல்லவும் முடியாது. 'புரோட் ஸ்பெக்ட்ரம்' (புற ஊதாக் கதிரின் ஏ, பி இரண்டு வகையையும் தடுப்பது) என்று போட்டிருக்க வேண்டும். துத்தநாக ஒக்சைட் வகை நம் தோலில் சாம்பல் பூசியது போல வெளுத்து நிற்கும். ஜெல் வகை அப்படித் தெரியாது. வெளியே போக இருபது நிமிடத்துக்கு முன் பூசி, வேர்த்தாலோ நனைந்தாலோ, இல்லாவிட்டாலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். காலை பத்து முதல் மாலை மூன்று வரைதான் பாதகமான நேரம். அந்த நேரத்தில் ஓடும் ஓட்டத்துக்குக் கையை மூடினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்தது வறட்சி. தை, மாசிக் குளிர்காற்றில் உதடு வெடிக்கிறது, முழங்கால் வெள்ளை பூக்கிறது. அதே வறட்சி டாட்டூவின் மேலும் இருக்கிறது. வறண்ட செதில் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் கறுப்புகூடச் சாம்பலாகத் தெரியும். கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணி ஊற்றிக் குளிப்பது வறட்சியைக் கூட்டும், இளஞ்சூடு போதும். துடைத்த உடனே, தோலில் ஈரம் இருக்கும்போதே, வாசனை இல்லாத கிறீம் தடவுங்கள். ஆறிய டாட்டூவுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லதுதான், தாராளமாகப் பூசலாம். ஆனால் அது வெயிலைத் தடுக்காது. எண்ணெய் தேய்த்த கையோடு வெயிலில் இறங்கினால் பாதுகாப்பு ஏதும் இல்லை.

இனி அக்காவின் விஷயம். இதில் எனக்கு அக்கறை அதிகம். முறையாகக் குத்தி முறையாக ஆற்றிய டாட்டூ இருபது வருடம் அழகாக இருக்கும். முதல் மூன்று வாரத்தில் கெட்டது எத்தனை கிறீம் பூசினாலும் நிமிராது.

சித்திரைக்கு முன் என்றால் பெப்ரவரியில் குத்தட்டும். அப்போது உங்கள் பக்கம் மழை குறைவு, கொழுந்தும் குறைவு, இரண்டு வாரம் மலைக்குப் போகாமல் இருப்பது ஓரளவு முடியும். வருடப் பிறப்புக்கு முந்தின வாரம் கொழும்பிலிருந்து வீட்டுக்கு வந்ததும் குத்திக்கொள்ளும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. உச்சி வெயில், குளிப்பு, விருந்து, கூட்டம் எல்லாம் பச்சைப் புண்ணின் மேல் வந்து விழும். மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவ மழை, ஈரமும் அட்டையும். அந்த மாதங்களில் மலையில் வேலை செய்பவர் கணுக்காலிலோ கெண்டைக்காலிலோ குத்தவே கூடாது. அட்டை கடித்த இடத்தில் இரத்தம் லேசில் நிற்காது, அரிப்பில் சொறிந்தே மை போய்விடும். அட்டைக்குப் பூசும் உப்பும் சுண்ணாம்பும் புதுப் புண்ணில் பட்டால் எரிந்து தழும்பாகும்.

இடம்: மேற்கையின் வெளிப்புறம், சட்டைக்கை மூடும் பகுதி. முன்கையில் தேயிலைக் குச்சி கீறும், விடியற்காலைப் பனி நனைக்கும். முதுகில் கூடை உரசும். இடுப்பில், சேலைக்கு மேல் கட்டும் படங்குச் சாக்கின் கயிறு உரசும். விரல் வேண்டவே வேண்டாம். கொழுந்தின் கறையும் வெடிப்பும் உள்ள விரலில் மை ஒரு வருடம்கூட ஒழுங்காக நிற்காது.

தமிழ் எழுத்து குத்துவதென்றால் அளவைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். ண, ஞ, இ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் நெல்மணி அளவைவிடச் சிறிதாக இருந்தால், கோடு தடிக்கத் தடிக்க உள்ளே அடைத்து எழுத்து கறுப்புக் குமிழாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளியும் கீழே இறங்கி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கணினியில் இருக்கும் மெல்லிய அலங்கார எழுத்துரு பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். பத்து வருடம் கழித்துப் பெயரை வாசிக்க முடிய வேண்டாமா? எழுத்துப் பிழையையும் குத்துவதற்கு முன்பே, தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். தமிழ் வாசிக்கத் தெரியாத கலைஞர் படத்தைப் பார்த்து வரைபவர். அவருக்கு ல, ள வித்தியாசம் தெரிய நியாயமில்லை.

ஊசி உறையிலிருந்து கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும், மை சிறு மூடியில் புதிதாக ஊற்றப்பட வேண்டும், கையுறை புதிதாக இருக்க வேண்டும். ஈரல் அழற்சி பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் ஊசி வழியே பரவக்கூடியவை. திருவிழாக் கடையோரத்தில் ஒரே ஊசியால் வரிசையாகக் குத்துபவரிடம் கையை நீட்ட வேண்டாம். ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டு நாளாகிவிட்டதா என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

குத்திய பிறகு கடையில் சுற்றிய உறையை அவர்கள் சொன்ன நேரத்தில் எடுத்து, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, வாசனை இல்லாத சவர்க்காரத்தால் மெதுவாகக் கழுவ வேண்டும். பேபி சோப் வகைகளில் வாசனை இல்லாதது போதும். தண்ணீரில்தான் நம் வீடுகளில் தவறு நடக்கிறது. மலையிலிருந்து பீலி வழியே வந்து விழும் தண்ணி கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். ஆனால் மேலே மலையில் உரமும் மருந்தும் போடுகிறார்கள், மாடு நிற்கிறது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரால் கழுவுங்கள். பீலியடியில் நின்று குளிப்பது, ஆற்றில் இறங்குவது எல்லாம் மூன்று நான்கு வாரம் நிறுத்தம். வீட்டில் வாளித் தண்ணியில் புண் ஊறாமல் குளிக்கலாம். துவாயால் தேய்க்காமல் டிசுவால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துவாயை வீடே பாவிக்கும் இடத்தில் இது இன்னும் முக்கியம்.

காய்ந்ததும் வாசனையற்ற களிம்பு, தோல் லேசாகப் பளபளக்கும் அளவுக்கு மட்டும். நாளுக்கு இரண்டு மூன்று தடவை. தடிப்பாக அப்பினால் புண் மூச்சுமுட்டி ஊறி, பொருக்கு மையோடு பெயர்ந்து வரும். மஞ்சள் வேண்டாம். காயத்துக்கு மஞ்சள் நல்லதென்று வழிவழியாகச் செய்து வருகிறோம். சமையல் மஞ்சள் தூளில் கிருமி இருக்கும், துகள் புண்ணுக்குள் மாட்டும், ஒவ்வாமையும் வரலாம். தேங்காய் எண்ணெயும் தோல் உரிந்து முடியும்வரை வேண்டாம். டெட்டோலை நேரே ஊற்றுவது, ஐதரசன் பெரொக்சைட் ஊற்றி நுரைக்க விடுவது இரண்டும் ஆறவரும் புதுத்தோலை எரிக்கும். யாரோ கொடுத்த அரிப்புக் களிம்பில் பெட்டாமெத்தசோன் என்ற ஸ்டீரொயிட் இருக்கலாம், அதுவும் வேண்டாம்.

முதல் மூன்று நாள் சிவப்பு, கசிவு, லேசான வீக்கம். நான்காம் ஐந்தாம் நாளிலிருந்து அரித்து உரியும். சொறியவும் கூடாது, உரிக்கவும் கூடாது. தாங்க முடியாவிட்டால் சுத்தமான ஈரத் துணியை மேலே வைத்து எடுக்கலாம். கம்பளி ஸ்வெட்டர் நேரே உரசக் கூடாது, உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை போட்டு அதற்கு மேல் ஸ்வெட்டர். மூன்றாம் வாரத்தில் எல்லாம் பால்படிந்தது போல மங்கித் தெரியும்; நிறைய பேர் அப்போது பயந்துபோய் எனக்குப் படம் அனுப்புகிறார்கள். புதுத்தோல் இன்னும் தெளியவில்லை, அவ்வளவுதான். தோல் முழுவதும் மூடும்வரை சன்ஸ்கிரீன் பூசக் கூடாது, துணியால்தான் மறைக்க வேண்டும். அடிப்பகுதி ஆற இன்னும் சில மாதம் எடுக்கும்.

சிவப்பு குறையாமல் நாளுக்கு நாள் பரவினால், சூடாக இருந்தால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், சிவந்த கோடு கையில் மேலேறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கடைக்காரரைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர் குத்துவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். காது குத்திய இடம், தடுப்பூசி போட்ட இடம், அறுவைத் தழும்பு எதுவாவது தடித்து வளர்ந்திருந்தால் அக்காவுக்கு கெலொயிட் வரும் உடம்பு என்று அர்த்தம். நம் போன்ற கருந்தோலில் அது கூடுதல். அப்படியிருந்தால் டாட்டூவே வேண்டாம் என்று நான் திருப்பி அனுப்பிவிடுவேன். சிவப்பு மைக்குத்தான் ஒவ்வாமை அதிகம் வருகிறது. சில வேளை வருடங்கள் கழித்தும் சிவப்புப் பகுதி மட்டும் தடித்து அரிக்கும்.

உங்கள் கைக்கு மீண்டும் வருகிறேன். லேசரால் அழித்துப் புதிதாகக் குத்தலாமா என்று யோசித்தால், அவசரப்பட வேண்டாம். கருந்தோலில் மெலனினும் லேசரை உறிஞ்சும். பொருந்தாத கருவியால் அடித்தால் வெள்ளைத் திட்டு விழும். 1,064 நனோமீற்றர் அலைநீளம் கொண்ட லேசர் நம் தோலுக்கு மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது, ஆனால் அது கறுப்பையும் கருநீலத்தையும்தான் நன்றாக எடுக்கும். உங்களுக்குப் போக வேண்டியது கறுப்பு இல்லையே.

டச் அப் போதும், அதுவும் இப்போதே வேண்டாம். இன்று பகல் வெளிச்சத்தில், வெயில் நேரே படாத இடத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இரண்டு மாதம் கையை மூடி, தினம் கிறீம் தடவி, அதே இடத்தில் மறுபடி படம் எடுங்கள். எழும்ப வேண்டியது எழும்பியிருக்கும். மிச்சத்துக்கு மட்டும் ஊசி. ஒவ்வொரு தடவை குத்தும்போதும் தோலில் சிறு தழும்பு சேர்வதால், குத்தும் பரப்பு குறைவாக இருப்பதே நல்லது. இலைக்குக் கரும்பச்சை கேளுங்கள், நரம்புகளைக் கறுப்பில் இழுக்கச் சொல்லுங்கள். மஞ்சளை மறுபடி வைக்க வேண்டாம். மொட்டைச் சுற்றிக் கறுப்புக் கோடு, ஓரத்தில் கொஞ்சம் பச்சை நிழல், நடுவை வெறுமனே விடச் சொல்லுங்கள். உங்கள் தோலின் நிறமே மொட்டின் நிறமாக நிற்கும், அது வெயிலில் போகாது.